ஏமாற்றமும் ஒரு வாசிப்பே: வெகுசன நாவலின் முடிவும் வாசகரின் குறையும் – ‘பொன்னியின் செல்வ’னை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தமிழ் நாவல் திறனாய்வு வெகுசன நாவலைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதன் வாசகரைப் பற்றிப் பேசியதில்லை. பேசியபோதும், அவர் விரும்பியதைப் பற்றியே பேசியது. அவர் ஏமாந்ததைப் பற்றி அன்று. க. நா. சுப்ரமண்யம் முதலான திறனாய்வாளர்கள் தொடர்கதை வாசகரின் சுவையை ஐயுற்றனர். க. கைலாசபதி 1968இல் வெளிவந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் நூலில் நாவலையும் அது பிறந்த சமூகச் சூழலையும் இணைத்து நோக்கினார். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ (2002) தொடக்ககால நாவல் வாசிப்பின் பழக்கங்களை வரலாற்று முறையில் மீட்டெடுத்தது. இவை அனைத்தும் மதிக்கத்தக்க பணிகள். எனினும், ஒரு வெகுசன நாவலை விரும்பிப் படித்த வாசகர், படித்து முடித்தபின் மனக்குறையோடு நூலை மூடுகின்றாரே, அந்தக் குறைக்கு ஏதேனும் விமர்சனப் பெறுமதி உண்டா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படாமலே இருந்து வந்துள்ளது.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தமிழில் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்து 1954இல் நிறைவுற்ற இந்நாவல், தமிழரால் மிகுதியாக நேசிக்கப்பட்ட புனைகதைகளுள் ஒன்று. அதே வேளையில், தன் வாசகரின் ஏமாற்றத்தைத் தன் நூலுக்குள்ளேயே பதிவுசெய்து வைத்திருக்கும் நாவலும் அதுவே. முடிவு திடீரென அமைந்துவிட்டது என்னும் வாசகர் குறைக்கு ஆசிரியரே முடிவுரை எழுதி விடையிறுத்துள்ளார். வாசகரின் குறையும் ஆசிரியரின் மறுமொழியும் நாவலோடு ஒரே அட்டைக்குள் அச்சாகி, தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டு வருகின்றன. இத்தகைய சான்று பிற தமிழ் நாவல்களுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

வாசகர் ஏமாற்றம் என்பது ஒற்றைத் தன்மையுடையதன்று. அதனைக் குறைந்தது மூன்று வகையாகப் பிரித்தறிதல் வேண்டும். அவ்வாறு பிரித்தறிந்தால் அது நாவலின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்டும் கருவியாகும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

2. ஏமாற்றம் – ஒரு திறனாய்வுக் கருத்தாக்கம்

மேலைத் திறனாய்வில் வாசகரின் எதிர்பார்ப்பை முறையான ஆய்வுப் பொருளாக்கியவர்களுள் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் முதன்மையானவர். ஒவ்வொரு நூலும் வாசகரின் ‘எதிர்பார்ப்பின் தொடுவான’த்துக்குள் நுழைகின்றது, அத்தொடுவானத்தை மாற்றக் கோராத நூல் நுகர்வுப் பண்டமாக நின்றுவிடுகின்றது, அதனை உடைத்து விரிக்கும் நூலே கலைமதிப்புப் பெறுகின்றது என்பது அவருடைய நிலைப்பாடு. இந்நோக்கில் ஏமாற்றம் குற்றமாகாது. கலை நிகழ்ந்ததற்கான அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். ஆயினும், கவனமின்மையால் விளையும் ஏமாற்றத்தையும் கலைநோக்கத்தால் விளையும் ஏமாற்றத்தையும் வேறுபடுத்தும் அளவுகோல் இக்கோட்பாட்டிலிருந்து தானாகக் கிடைப்பதில்லை.

அவ்வளவுகோலைத் தமிழ் மரபிலிருந்தே பெற இயலும். பவணந்தியாரின் நன்னூல் தொகுத்துரைக்கும் பத்துவகை நூற்குற்றங்களுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல் என்பன இடம்பெறுகின்றன. இலக்கணமும் சாத்திரமும் ஆகிய நூல்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை இவை; புனைகதைக்கென்று வகுக்கப்பட்டவை அல்ல. எனினும், படிப்பவர் எங்கே, எதனால் குறையுறுகின்றார் என்பதை நுணுகிப் பெயரிட்ட பட்டியல் அது. தொடக்கத்தில் எழுச்சியோடு சென்று, போகப்போக மெலிந்து முடிவதைச் ‘சென்றுதேய்ந்து இறுதல்’ என்னும் தொடரைவிடத் துல்லியமாகச் சுட்டுதல் அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடர்கதைகள் பலவற்றைப் படித்தவர்கள் இக்குற்றத்தை நன்கறிவர்.

இவ்விரு மரபுகளையும் இணைத்து நோக்கும்போது, வாசகர் ஏமாற்றம் மூவகைப்படும் எனலாம். முதலாவது, வாசகர் விரும்பியதை நாவல் தர மறுப்பது. இரண்டாவது, நாவல் தானே தருவதாகச் சொன்னதைத் தராமல் விடுவது. மூன்றாவது, நாவல் மாறாதிருக்க, வாசகர் மாறிவிடுவதால் பின்னாளில் எழுவது. முதலாவது விருப்பத்தின் மறுப்பு. இரண்டாவது வாக்கின் பிறழ்வு. மூன்றாவது மறுவாசிப்பின் துயரம். மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் வெகுசன நாவல் குறித்த விவாதம் ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்னும் எல்லைக்குள் முடங்கிவிடுகின்றது.

3. வாராந்தரத் தொடரும் அதன் வாக்குறுதியும்

வார இதழ்த் தொடர்கதை வாசகரோடு ஒருவகை ஒப்பந்தம் செய்துகொள்கின்றது. ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு வினாவோடு முடிகின்றது. அடுத்த வாரம் விடை கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் வாசகர் காத்திருக்கின்றார். விடை கிடைக்கும்போது புதிய வினா ஒன்று எழுகின்றது. மணியத்தின் ஓவியங்கள் பாத்திரங்களுக்கு முகம் தந்தன. இதழிலிருந்து அத்தியாயங்களைக் கத்தரித்து எடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து பாதுகாத்த குடும்பங்கள் தமிழகத்திலும் ஈழத்திலும் மலாயாவிலும் பல. இந்த உழைப்பு, வாசகர் அக்கதையைத் தம் உடைமையாகக் கருதினர் என்பதைக் காட்டுகின்றது. உடைமையாகக் கருதியவருக்கே முடிவு குறித்துக் குறைகூறும் உரிமையும் தமக்கு உண்டென்ற எண்ணம் தோன்றும்.

நாவலின் கட்டமைப்பை எண்ணிக்கையளவில் நோக்குதல் இங்கே பயன்தரும். ‘புது வெள்ளம்’ 57 அத்தியாயங்கள், ‘சுழற்காற்று’ 53, ‘கொலை வாள்’ 46, ‘மணிமகுடம்’ 46, இறுதிப் பாகமாகிய ‘தியாக சிகரம்’ 91. ஆக மொத்தம் 293 அத்தியாயங்கள். இறுதிப் பாகம் ஏறத்தாழ அதற்கு முந்தைய இரண்டு பாகங்களும் சேர்ந்த அளவினது. ஆகவே, முடிவு ‘அவசரமாக’ அமைந்தது என்னும் குறையை இடப்பற்றாக்குறையாலோ ஆசிரியரின் களைப்பாலோ விளைந்ததாகக் கொள்ள இயலாது. மற்ற நான்கு பாகங்களில் எதற்கும் வழங்காத இடத்தை ஆசிரியர் இறுதிப் பாகத்துக்கு வழங்கியுள்ளார். அவ்வாறிருந்தும் வாசகருக்கு முடிவு போதவில்லை. இது சென்றுதேய்ந்து இறுதல் அன்று. பெருகிச் சென்ற ஆறு கடலைக் காணுமுன் கண்ணுக்கு மறைந்ததுபோன்ற உணர்வு. அவ்வுணர்வின் தோற்றுவாயை அடுத்துக் காண்போம்.

4. மறுக்கப்பட்ட விருப்பம்: மணிமுடி

நாவலின் பெயரே ஒரு வாக்குறுதிபோல் ஒலிக்கின்றது. பொன்னியின் செல்வன் என்னும் அருள்மொழிவர்மனே பிற்காலத்தில் முதலாம் இராசராசன் ஆவான் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே அறிந்த வாசகர், அவன் முடிசூடும் காட்சியை நோக்கியே படிக்கின்றார். நான்காம் பாகத்தின் பெயர் ‘மணிமகுடம்’ என அமைந்தது அவ்வெதிர்பார்ப்பை மேலும் கூர்மையாக்குகின்றது. ஆனால் ஐந்தாம் பாகத்தில் முடி அவன் தலையில் ஏறுவதில்லை. மக்கள் விரும்பிய இளவரசன் அதனைச் சிற்றப்பனுக்கு விட்டுக்கொடுக்கின்றான். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் திருமணம் காட்டப்படுவதில்லை. மாறாக, வந்தியத்தேவன்மீது நிறைவேறாத அன்பு கொண்ட மணிமேகலையின் சாவோடு கதை முடிகின்றது.

முடிவுரையில் கல்கி கூறும் விளக்கத்தின் சாரம் இது: பொன்னியின் செல்வனின் தியாகமே இக்கதையின் சிகரம், சிகரத்தை அடைந்தபின் கதை நிற்க வேண்டும், இப்பாத்திரங்களின் வாழ்வு வரலாற்றில் மேலும் பல்லாண்டு தொடர்வது. அதன்பின் பாத்திரங்களுக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்களுக்குச் சுருக்கமான விடைகளையும் தருகின்றார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாரெனக் குறிப்பிடுவதால், அத்திருமணம் பற்றிய ஐயத்துக்கு இடமில்லை.

இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. இந்த இடத்தில் ஏமாற்றம் கலைநோக்கத்தின் விளைவு. வெற்றியின் விழாவை எதிர்நோக்கியிருந்த வாசகரிடம், விட்டுக்கொடுத்தல் வெற்றியைவிட உயர்ந்தது என்பதை ஏற்குமாறு நாவல் கோருகின்றது. மணிமேகலையின் சாவு அக்கோரிக்கைக்கு ஒரு விலையைச் சேர்க்கின்றது. தியாகம் அரண்மனையில் புகழ்பெறும்போதே, எவராலும் தியாகமென்று அழைக்கப்படாத ஓர் இழப்பு ஓரத்தில் நிகழ்கின்றது. வெகுசன நாவலின் வழக்கமான முடிவுகளாகிய திருமணத்தையும் முடிசூட்டையும் கல்கி தவிர்த்ததால் வாசகர் குறைப்பட்டனர். ஆனால் அக்குறையின் அளவே அவர் எவ்வளவு தூரம் வழக்கத்திலிருந்து விலகினார் என்பதன் அளவாகும். யாஸ் கூறும் தொடுவான மாற்றத்துக்குத் தமிழ்த் தொடர்கதை வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று காண்பது கடினம்.

எனினும், இதனோடு ஒரு வரலாற்றுக் குறிப்பையும் இணைத்தல் நேர்மையாகும். அருள்மொழி அரசுரிமையை விட்டுக்கொடுத்த செய்திக்கு முதன்மைச் சான்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள். அவை இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தவை. வென்ற கிளையின் வாரிசு வெளியிட்ட புகழுரையை நாவல் பெரும்பாலும் அவ்வாறே ஏற்றுக்கொள்கின்றது. இதே செய்தியைக் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அரசியல் உடன்பாடாகவும், உத்தம சோழனின் நெருக்குதலுக்கான அறிகுறியாகவும் படித்தார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் உத்தம சோழன்மீது பழி சுமத்தும் கருத்தை ஏற்கவில்லை. நாவலாசிரியர் இவ்வைய நிலையிலிருந்து தியாகம் என்னும் ஒற்றைப் பொருளைத் தேர்ந்துகொண்டார். அது புனைவின் உரிமை. ஆனால் அடுத்த பகுதியில் காணப்போகும் சிக்கலுக்கு இத்தேர்வே வித்து.

5. காக்கப்படாத வாக்கு: கொலையும் கல்வெட்டும்

ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் கொல்லப்படுகின்றான். முதல் பாகத்தின் சதியாலோசனையிலிருந்தே இக்கொலையின் நிழல் நாவலின்மீது படிந்துள்ளது. மூன்றாம் பாகத்தின் பெயரே ‘கொலை வாள்’. கொன்றவர் யார் என்னும் வினாவை நாவலே எழுப்புகின்றது, நாவலே வளர்க்கின்றது. நந்தினி, இரவிதாசன் கூட்டத்தார், பழுவேட்டரையர், மணிமேகலை, பழி சுமந்து சிறையிருக்கும் வந்தியத்தேவன் என ஐயம் பலர்மீது திருப்பப்படுகின்றது. இறுதியில் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மீது ஏற்றுக்கொள்கின்றார். ஆனால் அவ்வொப்புதல் முழு உண்மையா, நிரபராதியைக் காக்கும் பெருந்தன்மையா என்பதில் வாசகர் இன்றளவும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

இதனை ஆசிரியரின் வரலாற்று நாணயம் எனப் போற்றுவோர் உண்டு. வரலாறே மௌனமாயிருக்கும் இடத்தில் நாவலாசிரியர் தீர்ப்பளிக்கலாகாது என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் சான்றுகளோடு பொருந்தவில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டு மௌனமாயில்லை. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறுகின்றது. கல்வெட்டு மௌனம் காப்பது ஏவியவர் யார் என்பதில்தான்.

மேலும் நுணுகி நோக்குதற்குரிய செய்தி ஒன்றுண்டு. அக்கல்வெட்டில் இரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்றும், பரமேசுவரன் ‘இருமுடிசோழ பிரமாதிராசன்’ என்றும் பட்டம் பெற்றோராகக் காணப்படுகின்றனர். பிரமாதிராசன் என்பது அந்தணர்க்குரிய உயர் அதிகாரப் பட்டம். ‘இருமுடிசோழ’ என்னும் அடையோ சோழ அரசோடு வெளிப்படையான தொடர்பைக் காட்டுகின்றது. அதாவது, கொலையாளிகளுள் ஒருவரேனும் சோழ அரசின் பட்டம் பெற்ற அதிகாரி. நாவலில் இவர்கள் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளாக, காட்டிலும் பாழடைந்த மண்டபத்திலும் கூடும் வெளியாராக மாறுகின்றனர். அரண்மனையின் உள்ளிருந்த குற்றம் எல்லைக்கு வெளியே அனுப்பப்படுகின்றது.

இவ்விடமாற்றத்துக்கான காரணம் முற்பகுதியில் கண்ட தேர்விலேயே உள்ளது. தியாகமே நாவலின் சிகரமென்றால், தியாகத்தால் முடிபெறுவோன் மாசற்றவனாயிருத்தல் வேண்டும். ஆகவே, மதுராந்தகன் இருவராக்கப்படுகின்றான். பேராசை கொண்ட மதுராந்தகன் பொய்யானவன். பூக்கட்டிச் சிவத்தொண்டு புரியும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன். இவ்வாள்மாறாட்டத்துக்கு வரலாற்றுச் சான்று எதுவுமில்லை. இப்புனைவால் உத்தம சோழன் ஐயத்தினின்று விடுபடுகின்றான். கொலையின் அரசியல் காரணமும் அவனோடு சேர்ந்து மறைந்துவிடுகின்றது. அரசுரிமைப் பூசலாகத் தொடங்கிய கதை, ஒரு பெண்ணின் பழிவாங்கலும் வெளியாரின் சதியுமாக முடிகின்றது.

எனவே, இங்கே வாசகர் அடையும் ஏமாற்றம் முன்னதிலிருந்து வேறுபட்டது. முடிசூட்டு விழா வாசகரின் விருப்பம். நாவல் அதனை மறுக்கலாம். கொலையின் விடையோ நாவலின் வாக்கு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவ்வாக்கின்மீதே எழுப்பப்பட்டவை. அதனைத் தெளிவின்றி விடுதல் நன்னூலார் மொழியில் மயங்க வைத்தலாகும். பல ஆண்டுகளாகத் தொடரும் ‘கொன்றது யார்’ என்னும் விவாதத்தை நாவலின் ஆழத்துக்குச் சான்றாகக் காட்டுவதைவிட, தான் எழுப்பிய அரசியல் வினாவைக் கடைசிவரை எதிர்கொள்ள நாவல் தயங்கியதற்குச் சான்றாகக் கொள்வதே பொருத்தமுடையது. முடிவு திடீரென வந்ததென்று குறைகூறிய வாசகர், காரணத்தைத் தவறாகப் பெயரிட்டிருக்கலாம். ஆனால் குறை இருப்பதைச் சரியாகவே உணர்ந்தனர்.

6. ஈழக் காட்சிகளும் மறுவாசகரும்

மூன்றாம் வகை ஏமாற்றம் நூலுக்குள் நிகழ்வதன்று. இரு வாசிப்புகளுக்கிடையே நிகழ்வது. பதினைந்து வயதில் படித்தவர் ஐம்பது வயதில் மீண்டும் படிக்கும்போது அது வெளிப்படுகின்றது. புலம்பெயர்ந்த தமிழரிடையே இவ்வாசிப்பு தனிக்கவனத்துக்குரியது. கல்கியின் படைப்புகள் 1990களின் இறுதியில் தமிழ்நாடு அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழி நாவல் மின்வடிவில் எல்லா நாடுகளுக்கும் சென்றது. போரால் வீட்டையும் பைண்டு செய்த தொகுதிகளையும் இழந்தவர்களுக்கு இளமையில் படித்த நாவல் கணினித் திரையில் திரும்பக் கிடைத்தது. திரும்பக் கிடைத்த நூல் அதேதான், படித்தவர் அவரல்லர்.

இம்மாற்றம் கூர்மையாக வெளிப்படுவது ‘சுழற்காற்’றில். கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் கடல் கடக்கும் காட்சியும், அநுராதபுரத்தின் வீதிகளும், தம்பளையின் குகைகளும் தமிழ்ப் புனைகதையில் ஈழ நிலம் பெற்ற மிகப் பரவலான சித்திரம் எனலாம். இக்காட்சிகளுக்காகக் கல்கி ஓவியர் மணியத்தோடு இலங்கைக்குச் சென்று வந்தார். போரால் சிதைந்த விகாரைகளை அருள்மொழி பழுதுபார்க்கச் செய்கின்றான். பௌத்த பிக்குகள் இலங்கையின் அரியணையையே அவனுக்கு அளிக்க முன்வருகின்றனர், அவன் மறுக்கின்றான். இறுதிப் பாகத்தின் தியாகத்துக்கு இம்மறுப்பு ஒத்திகைபோல் அமைகின்றது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ 1950களிலும் 1960களிலும் இளமையில் இதைப் படித்தவர்க்கு, தம் மொழி பேசிய இளவரசன் ஒருவன் அடுத்த சமயத்தாரின் மதிப்பையும் பெற்றான் என்பது பெருமிதம் தந்திருத்தல் இயல்பு.

வரலாற்றைக் கற்றபின் மீண்டும் படிப்பவர் வேறொன்றைக் காண்கின்றார். சுந்தர சோழன் காலத்து ஈழப் படையெடுப்பில் கொடும்பாளூர்ச் சிறிய வேளார் அங்கேயே மாண்டார் என்பது கல்வெட்டுச் செய்தி. நாவலில் வானதியின் தந்தை அவரே. இளவரசன் அருள்மொழியின் ஈழ வாழ்க்கை பெரிதும் புனைவு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராயிருந்த அநுராதபுரம் இராசராசனின் படையால் அழிவுற்றதென நீலகண்ட சாஸ்திரியார் எழுதியுள்ளார். அதன்பின் சோழர் பொலன்னறுவையைத் தம் ஆட்சியின் நிலைக்களனாக்கினர். ஐந்தாம் மகிந்தன் இராசேந்திரன் காலத்தில் சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்தான். நாவலில் விகாரைகளைச் செப்பனிடும் கையே வரலாற்றில் அந்நகரின் அழிவோடு இணைத்துப் பேசப்படுகின்றது.

நாவல் கி.பி. 985க்கு முன் முடிவதால் இந்நிகழ்வுகளைச் சித்திரிக்கும் கடமை அதற்கில்லை என வாதிடலாம். அவ்வாதம் தொழில்நுட்ப அளவில் சரி. ஆனால், முடிவுரையில் பாத்திரங்களின் பிற்காலத்தைத் தொட்டுக்காட்டும் நாவல், அநுராதபுரத்தின் பிற்காலத்தைத் தொடுவதில்லை. இடங்களும் பாத்திரங்களே என்பதை ஈழத்து மறுவாசகர் மறப்பதில்லை. கடந்தகாலத்தின் நகரங்களை இக்கால உரிமைக் கோரிக்கைகளுக்குச் சான்றாகக் காட்டும் இருதரப்புச் சொல்லாடலின் நடுவே வாழ்ந்தவர் அவர். ஓரினத்தின் வீரகாவியம் இன்னோரினத்தின் அழிவுக்கதையாகப் படிக்கப்படுவதை நேரில் கண்டவர். அவருடைய ஏமாற்றம் கல்கிமீது கொண்ட சினமாக அமைவதில்லை. தம் இளமைப் பெருமிதத்தின் ஒரு பகுதி அறியாமையின்மீது கட்டப்பட்டிருந்தது என்னும் உணர்வு அது. அப்பெருமிதத்தை முற்றாகத் துறக்கவும் இயலாது, பழையபடி ஏந்தவும் இயலாது என்னும் இடர்ப்பாடே அதன் உள்ளடக்கம்.

இவ்வகை ஏமாற்றத்தைக் கல்கியின் குற்றமாகக் கருதுதல் நியாயமன்று. விடுதலைக்குப் பிந்தைய முதற் சில ஆண்டுகளில், பெருந்தன்மையுள்ள அரசன் ஒருவனை வரலாற்றில் தேடிய எழுத்தாளரின் நோக்கம் புரிந்துகொள்ளத்தக்கது. ஆயினும், இவ்வாசிப்பைப் பதிவு செய்யாத திறனாய்வு நாவலின் முழு வாழ்வையும் பதிவு செய்ததாகாது.

7. பின்தொடர்ச்சிகள்: ஏமாற்றத்தை ஆற்றும் முயற்சிகள்

ஏமாந்த வாசகர் சும்மா இருப்பதில்லை; எழுதவும் செய்கின்றார். கதையின் எச்சத்தைப் பிற்கால எழுத்தாளர் தொடரலாம் என்னும் வாய்ப்பைக் கல்கியே திறந்து வைத்தார். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அதன் தொடர்ச்சியாக எழுந்தது. அனுஷா வெங்கடேஷின் ‘காவிரி மைந்தன்’ அவ்வழியே சென்றது. பாலகுமாரனின் ‘உடையார்’ இராசராசனின் ஆட்சியையும் பெரிய கோயிலின் எழுச்சியையும் விரிவாக எடுத்துரைத்து, கரிகாலன் கொலையையும் மீண்டும் விசாரணைக்குக் கொணர்ந்தது. ஒரு நாவலின் முடிவு நிறைவளித்திருந்தால் இத்தகைய மரபு தோன்றியிருக்காது. இந்நோக்கில் ஏமாற்றம் படைப்பூக்கமாகவும் தொழிற்படுகின்றது.

மணிரத்னத்தின் இரு திரைப்படங்களும் (2022, 2023) ஒருவகையில் விமர்சன வாசிப்புகளே. சேந்தன் அமுதன் – மதுராந்தகன் ஆள்மாறாட்டத்தைத் திரைக்கதை கைவிட்டது. முடியை விரும்பிய மதுராந்தகனே அதனைப் பெறுகின்றான். நாவலை நேசித்தோர் பலர் இம்மாற்றத்தால் ஏமாந்தனர். ஆனால் மேலே சுட்டிய சிக்கலை நோக்கினால், இம்மாற்றம் தியாகத்தைக் கடினமாக்கி, அதனால் மேலும் பொருளுள்ளதாக்குகின்றது என்பது புலப்படும். மாசற்ற சிவனடியாருக்கு முடியை அளிப்பதைவிட, அதற்காகச் சூழ்ச்சியில் இறங்கியவனுக்கு அளிப்பது அரிய செயல். ஒரு தலைமுறையின் ஏமாற்றம் மற்றொரு தலைமுறையின் திருத்தமாக மாறியதற்கு இது எடுத்துக்காட்டு.

மறுபுறம், வெகுசன வரலாற்று நாவலின் பெரும்போக்கு வேறு திசையில் சென்றது. சாண்டில்யனின் ‘யவன ராணி’, ‘கடல் புறா’ முதலியவை எதிர்பார்ப்பைப் பிறழாது நிறைவேற்றும் கலையில் தேர்ந்தவை. வீரன் வெல்வான், காதல் கைகூடும், கடல்கடந்த நாடு வெற்றிக்குரிய களமாகும். இங்கே வாசகர் ஏமாறுவதில்லை; ஆகவே வாதிடுவதுமில்லை. கடாரம் என்னும் பெயரில் அந்நாவல் வாசகர் கண்ட கெடா மாநிலத்தின் பூசாங் பள்ளத்தாக்கில் தோண்டியெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும், அம்மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வாழ்வும் அக்கதையுலகுக்குள் நுழைய வழியில்லை. ஏமாற்றாத நாவல் எதையும் வினவுவதுமில்லை என்பதற்கு இவ்வேறுபாடு சான்று பகரும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன மூன்று. முதலாவது, ‘பொன்னியின் செல்வன்’ முடிவு குறித்த வாசகர் குறை இரு வேறு அனுபவங்களை ஒரே பெயரால் சுட்டியது. முடிசூட்டும் திருமணமும் மறுக்கப்பட்டதில் நாவல் தன் வாசகரைவிட உயர்ந்து நின்றது; கொலையின் அரசியலை மறைத்ததில் தன் வாசகருக்கு அளித்த வாக்கினின்று தாழ்ந்தது. இரண்டையும் பிரித்தறியாத பாராட்டும் கண்டனமும் ஒரே பிழையைச் செய்கின்றன. இரண்டாவது, மறுவாசிப்பில் எழும் ஏமாற்றம் நூலின் குற்றமோ வாசகரின் நன்றியின்மையோ ஆகாது. அது வரலாற்றறிவு வாசிப்புக்குள் நுழையும் வாயில். மூன்றாவது, தமிழ் வெகுசன நாவலின் வரலாற்றை விற்பனையையும் புகழையும் கொண்டு மட்டும் எழுதுதல் போதாது. வாசகர் எங்கே மனம் குறைந்தனர், அக்குறையை ஆற்ற எதை எழுதினர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியாதல் வேண்டும்.

இதற்கான மூலங்கள் அழிந்து வருகின்றன. இதழ்களில் அச்சான வாசகர் கடிதங்கள், பைண்டு செய்த தொகுதிகளின் ஓரக் குறிப்புகள், முதிய வாசகரின் நினைவுகள் ஆகியவை முறையாகத் தொகுக்கப்படவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஒரு சமூகத்தின் வாசிப்புத் தடயங்களும் உடன் எரிந்தன. எஞ்சியவை பல நாடுகளில், முதியோரின் அலமாரிகளில் சிதறிக் கிடக்கின்றன. அவர்கள் மறைந்தபின், எவர் எதை விரும்பினர் என்பதை விற்பனைக் கணக்கு சொல்லக்கூடும். எவர் எதனால் ஏமாந்தனர் என்பதைச் சொல்ல எவருமிரார். புலம்பெயர் நாடுகளிலுள்ள தமிழ்த்துறைகளும் ஆய்வு நூலகங்களும் அச்சு நூல்களைத் திரட்டுவதோடு, அந்நூல்களைப் படித்தோரின் குறைகளையும் திரட்ட முன்வருதல் வேண்டும். முதிய வாசகர் இன்னும் உள்ளபோதே அப்பணி தொடங்கப்படுதல் இன்றியமையாதது.